அடையாற்று மாளிகையும் கர்னல் ஆல்காட்டும்

சென்னைப் பட்டினத்தில், அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்திற்கு அருகே, அதன் தென்கரையில், விக்டோரியா இராணியார் ஆண்ட காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் வாழ்ந்த தோட்ட மாளிகை ஒன்று இன்றும் பழுதுறாது காக்கப்பட்டு நிற்கின்றது. அதற்கு அந்நாளில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்று பெயர். இன்று அது பிரம்மஞான சபையின் தலைமை நிலையம். அதனைக் காணச் செல்வோர் ஆலமரத்தைக் காண்பர், நூல்நிலையத்தைக் காண்பர், அன்னிபெசன்ட் அம்மையாரின் புகழைக் கேட்பர், நமது மதனப்பள்ளியில் 1895-ல் பிறந்த கிருஷ்ணமூர்த்தி என்னும் சிறுவர் 1909-ல் அந்தக் கடற்கரையிலேதான் உலக ஆசானாகக் குறிக்கப்பட்டார் என்ற செய்தியையும் கேட்பர். ஆயினும், அம்மாளிகையை வாங்கி, இருபத்து நான்கு ஆண்டுகள் அதனையே தம் இல்லமாகக் கொண்டு, அங்கேயே உயிர் நீத்த கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் என்பவர் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்ற பௌத்த உபாசகர் என்பதை அறிந்து திரும்புவோர் சிலரே.

நம் சங்கத்தாரிடையேயும் அவரைக் குறித்து இருவகைக் கருத்து உலவுகின்றது. தமிழகத்தில் பௌத்தம் மீண்டும் தழைத்ததற்கு அவரே காரணர் என்பாரும் உளர். ஆவியுலகப் பேச்சோடு வந்த அயல்நாட்டார் ஒருவருக்கு நாம் ஏன் கடன்பட வேண்டும் என்று கேட்பாரும் உளர். இரண்டும் முழு உண்மையல்ல. ஆதலின் அப்பெரியாரது வாழ்வை உள்ளது உள்ளவாறு ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஆல்காட் 1832-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் நாள் அமெரிக்க தேசத்து நியூஜெர்சி மாகாணத்தில் ஆரஞ்சு என்னும் ஊரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் அவர் நாடியது வேளாண்மை. சர்க்கரைச் சோளப் பயிரைக் குறித்து 1857-ல் நூலொன்று இயற்றிப் பெயர் பெற்றார். பின்பு நியூயார்க் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் வேளாண்மைப் பகுதியின் ஆசிரியராக இருந்தார். அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டபோது வடநாட்டுப் படையில் சேர்ந்தார். படைக்குப் பொருள் விற்ற குத்தகைதாரர் செய்த மோசடிகளைத் துப்பறிந்து வெளிப்படுத்தும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கர்னல் என்னும் பட்டம் அவ்வாறு வந்ததேயாகும். 1865-ல் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டு இறந்தபோது அக்கொலையை ஆராய்வதிலும் அவர் உதவினார். போருக்குப்பின் சட்டம் பயின்று வழக்கறிஞராகிப் பொருளீட்டினார்.

ஒரு கணக்கை எடுத்து அதில் பொய் எங்கே இருக்கின்றது என்று தேடும் கண் அவருக்கு இயல்பாக வாய்த்திருந்தது என்பதை அன்பர்கள் மனத்தில் இருத்துக. அத்தகைய மனிதரே 1874-ல் வெர்மான்ட் மாகாணத்துப் பண்ணை வீடு ஒன்றில் ஆவிகள் தோன்றுகின்றன என்று கேள்வியுற்று, ஆராயச் சென்று, அங்கே உருசிய நாட்டு மாது பிளவாட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். இருவரும் வேறு சிலரும் சேர்ந்து 1875 நவம்பரில் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவினர். அம்மையாரின் அற்புதங்களைப் பற்றி நாம் எழுதப் போவதில்லை. பகவான் புத்தர் இருத்திச் செயல்களைக் காட்டிக் கூட்டம் சேர்ப்பதைப் பிக்குகளுக்கு விலக்கினார் என்பது ஒன்றே நமக்குப் போதுமானது.

1878-ஆம் ஆண்டு இறுதியில், தம் தொழிலையும் ஊரையும் மக்களையும் விட்டு ஆல்காட் கப்பலேறினார். 1879 பிப்ரவரியில் பம்பாய் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது 46.

இலங்கையில் 1873-ல் பாணந்துறை என்னும் ஊரில், மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கிறிஸ்தவப் போதகரோடு பல்லாயிரவர் முன்னிலையில் வாதிட்டார். அவ்வாதத்தின் அறிக்கை அமெரிக்காவரை சென்று ஆல்காட்டின் கையில் சேர்ந்தது. அதன்பின் கடிதப் போக்குவரத்து நடந்தது. 1880 மே மாதம் 17-ஆம் நாள் ஆல்காட்டும் அம்மையாரும் காலித் துறைமுகத்தில் இறங்கியபோது கரையெங்கும் மக்கள் திரண்டு நின்றனர். மே 25-ஆம் நாள் காலியிலுள்ள விஜயானந்த விஹாரையில் பிக்குவின் முன் மண்டியிட்டு இருவரும் பாலி மொழியில் பஞ்சசீலம் ஏற்றனர். ஆளும் இனத்தாரின் நிறத்தை உடைய ஒருவர், ஆளப்படுவோரின் தர்மத்தை எல்லாரும் காண ஏற்றுக்கொண்டார். அக்காலத்து இலங்கை மக்களுக்கு இது எத்துணைத் துணிவளித்திருக்கும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

துணிவளித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. தர்மம் கற்க விரும்பும் பிள்ளைகளுக்குப் பள்ளியில்லை என்பதைக் கண்டார். பௌத்தர்களின் பிள்ளைகள் பாதிரிமார் பள்ளியில் தம் பெற்றோரின் நெறியை இகழக் கற்றுக்கொண்டு வீடு திரும்புவதைக் கண்டார். தாமே வடிவமைத்த மாட்டுவண்டி ஒன்றில், உண்பதும் உறங்குவதும் எழுதுவதும் அதிலேயேயாக, ஊர் ஊராகச் சென்று பள்ளி நிதி திரட்டினார். பாலர்க்குத் தர்மத்தைச் சொல்லும் சிறுநூல் ஒன்றும் இல்லாமை கண்டு, பல நூல்களைக் கற்று, பௌத்த வினாவிடையைத் தாமே எழுதினார். ஹிக்கடுவே சுமங்கல மகாதேரர் அதனைச் சொல் சொல்லாக ஆராய்ந்து ஒப்புதல் அளிக்க, 1881 ஜூலையில் அது வெளிவந்தது. பின்னர்ப் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1886-ல் கொழும்பில் தொடங்கிய ஆங்கிலப் பௌத்தப் பள்ளி ஆனந்தா கல்லூரியாயிற்று. கண்டியில் தர்மராஜா கல்லூரியும் காலியில் மகிந்தா கல்லூரியும் அதன்பின் எழுந்தன. அவர் வந்தபோது விரல்விட்டு எண்ணத்தக்கனவாக இருந்த பௌத்தப் பள்ளிகள் இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது ஏறக்குறைய 200 ஆகப் பெருகியிருந்தன.

1883-ல் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பௌத்தர் ஊர்வலம் தாக்கப்பட்டது. குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை. ஆல்காட் 1884-ல் இலண்டன் சென்று குடியேற்ற நாட்டு அமைச்சகத்தில் முறையிட்டார். அதன் பயனாக 1885 முதல் வைகாசிப் பூரணை இலங்கையில் அரசாங்க விடுமுறையாயிற்று. இன்று நம் சங்கக் கட்டடத்தின்மேல் பறக்கும் ஆறுவண்ணப் பௌத்தக் கொடியும் அவ்வாண்டிலேயே முதன்முதல் ஏற்றப்பட்டது. கொடியை ஆக்கியது கொழும்புக் குழுவினர். அதன் நீள அகலத்தை மற்றக் கொடிகளைப்போல் கையாள எளிதாக்கியவர் ஆல்காட். அவரே கொடியைப் படைத்தார் என்று நம் மேடைகளில் சிலர் பேசுவது சரியன்று.

இனி மாளிகைக்கு வருவோம். 1882-ஆம் ஆண்டு கோடையில் ஆல்காட்டும் அம்மையாரும் பக்கிங்காம் கால்வாயில் படகேறி நெல்லூர்வரை சென்று, குண்டூரையும் கண்டு, திரும்பும்போது நெல்லூரிலிருந்து சாலை வழியே திருப்பதி இரயிலடிக்கு வந்து சென்னை வண்டியைப் பிடித்தனர். அந்நாளில் திருப்பதி வடஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவிற்குச் சித்தூரே தலைநகர். வெயிலில் புழுதி படிந்து நம் ஊரில் இரயிலேறிய அவ்விருவரையும் சென்னையில் நண்பர்கள் எதிர்கொண்டு, விலைக்கு வந்துள்ள தோட்டமொன்றைப் பார்க்குமாறு வேண்டினர். மே 31-ஆம் நாள் சென்று பார்த்தவுடனேயே அதுவே தம் இல்லம் என்று இருவரும் முடிவு செய்தனர்.

இருபத்தேழு ஏக்கர் நிலமும், ஆற்றைப் பார்த்த பெரிய மாளிகையும், வேறு கட்டடங்களும் பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைந்த விலைக்குக் கிடைத்தன. அக்காலத்திலும் இது மலிவே. காரணம் இரயில் பாதை. நீலகிரி அடிவாரம்வரை இரயில் செல்லத் தொடங்கவே, கோடையைக் கழிக்க அதிகாரிகள் உதகைக்கு எளிதாகச் சென்றனர். சென்னையில் பெருந்தோட்டங்களை வைத்துப் பேணுவது அவர்க்கு வீண் செலவாகத் தோன்றியது. விலை வீழ்ந்தது. சென்னை அன்பர்கள் பணத்திற்கு வழி செய்தனர். 1882 டிசம்பர் 19-ஆம் நாள் ஆல்காட்டும் அம்மையாரும் அங்கே குடிபுகுந்தனர்.

அம்மையார் அங்கே நீண்டநாள் வாழவில்லை. 1884-ல் அவரது அற்புதங்கள் மோசடி என்று அம்மாளிகையில் பணிபுரிந்தோரே குற்றஞ்சாட்டினர். ஊரெங்கும் அதே பேச்சு. 1885-ல் அம்மையார் கப்பலேறினார், மீண்டும் வரவில்லை. ஆல்காட் மட்டும் தங்கினார். 1886 டிசம்பரில் அம்மாளிகையில் நூல்நிலையம் திறந்தபோது பல சமயத்தாரையும் ஒருங்கே அழைத்து வாழ்த்தச் செய்தார். அவருள் பௌத்தப் பிக்குகளும் இருந்தனர். 1889-ல் அநகாரிக தர்மபாலருடன் ஜப்பான் சென்றார். 1891 தொடக்கத்தில் பர்மா, இலங்கை, ஜப்பான் ஆகிய நாட்டுப் பௌத்தர்களை இம்மாளிகையிலே கூட்டி, வடபௌத்தமும் தென்பௌத்தமும் ஒருங்கே ஒப்பும் கொள்கைகளைப் பதினான்கு கூறுகளாக வகுத்தார். மகாயானமும் தேரவாதமும் ஒரே தாளில் ஒப்பமிட்ட செய்தி அதற்கு முன் நாம் கேளாதது.

இவ்வளவும் உலகறிந்தவை. நமக்கு மிக அணுக்கமான செய்தி மாளிகையின் வேலிக்கு வெளியே உள்ளது. அருகிலிருந்த ஊரூரில், அக்காலத்தார் பஞ்சமர் என்று ஒதுக்கி வைத்த நம் மக்கள் குடிசைகளில் வாழ்ந்தனர். மாளிகையின் தோட்டத்தில் கூலி வேலை செய்தவரும் அவரே. உலக சகோதரத்துவம் பேசுவதற்கு நியூயார்க்கிலிருந்து வந்தவர், தம் வாயிலில் நிற்கும் மக்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கண்டுகொண்டே இருந்து, 1894-ல் அவர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். தாமதம் என்று கூறலாம், கூறவும் வேண்டும். ஆயினும் திறந்தார். அவர் மறைவதற்குள் சென்னையில் இத்தகைய பள்ளிகள் ஐந்தாயின. அவற்றுள் ஒன்றிற்குத் திருவள்ளுவர் பெயரை இட்டார்.

இப்பள்ளிகளைக் குறித்து நமக்கு ஒரு குறையுண்டு. பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும், கூலிவேலையில் சற்று உயர்வதற்கு வேண்டிய அறிவும் தந்தால் போதும். அவரைக் கல்லூரிவரை கொண்டுசெல்வது தம் நோக்கமன்று என்று ஆல்காட் கருதினார். நாம் ஆலையில் நூற்கும் இயந்திரத்தின் முன் நின்ற நாட்களை எண்ணிப் பார்க்கின்றோம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் தன் கூலிச்சீட்டைச் சரிபார்த்துக்கொண்டான். அந்தக் கூலியை இத்தனை என்று முடிவு செய்த பேரேடு மேலறையில் இருந்தது. அதனைப் படிக்க வேறு படிப்பு வேண்டியிருந்தது. அளவறிந்து ஊற்றிய அறிவு பசியைத் தூண்டுமேயன்றித் தணிக்காது. ஆனால் அப்பசியும் எழாமல் கிடந்த சேரிகளில் முதற்கரண்டியை ஊற்றியவர் அவர் என்பதையும் மறுத்தல் அறமன்று.

அப்பள்ளியொன்றின் ஆசிரியராக இருந்த கிருஷ்ணசாமியாரும், சித்த மருத்துவராகிய பண்டிதர் அயோத்திதாசரும் 1898-ல் ஆல்காட்டை நாடிச் சென்றனர். பண்டிதர் 1845-ல் பிறந்தவர். தமிழ் நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் ஆராய்ந்து, தாழ்த்தப்பட்ட நம் மக்கள் பண்டைக்காலத்துப் பௌத்தரே என்னும் முடிவுக்குத் தாமே வந்தவர். 1892-ல் சென்னை மகாசன சபையில் எழுந்து, விஷ்ணு ஆலயத்துள்ளும் சிவாலயத்துள்ளும் எம்மக்கள் நுழையத் தடையென்ன என்று கேட்டு, அவையினரின் மறுப்பைப் பெற்று வந்தவர். அவருக்கு ஆல்காட் பௌத்தம் கற்பிக்கவில்லை. கற்றவர் தம் கல்வியோடு வந்து கேட்டது ஒன்றே: நாங்கள் எங்கள் பழைய நெறிக்குத் திரும்ப வேண்டும்; வழி காட்டுவீரா?

தமிழகத்தில் அன்று சீலம் கொடுக்கப் பிக்கு சங்கமில்லை. சங்கம் இருந்தது கடலுக்கு அப்பால். ஆல்காட் அவ்விருவரையும் தம்முடன் அழைத்துக்கொண்டு கொழும்பு சென்றார். மாளிகாகந்தை வித்தியோதய பிரிவேனையில் சுமங்கல மகாதேரரின் முன்னிலையில் அவர்கள் பஞ்சசீலம் பெற்றனர். திண்ணைக்கும் தொலைவில் நிறுத்தப்பட்டவர், மகாதேரரின் முன் மற்ற உபாசகரோடு உபாசகராக அமர்ந்தனர். சென்னை திரும்பிய பண்டிதர் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பௌத்தத்தைத் தம் ஆராய்ச்சியால் கண்டடைந்தவர் பண்டிதர். அவருக்கும் சங்கத்திற்கும் இடையே கிடந்த கடலைக் கடக்கத் துணைநின்றவர் ஆல்காட். முன்னே கூறிய இருவகைக் கருத்துக்கும் எம் மறுமொழி இதுவே.

அச்சங்கத்தின் கிளை நம் குப்பத்தை அடுத்துள்ள கோலார் தங்கவயலில் ஊன்றியது. சித்தூர், வடஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து சுரங்கத்துக்குள் இறங்கச் சென்ற தமிழ்த் தொழிலாளரே அதனைத் தோளில் தாங்கினர். பகலொளி காணாமல் பாறை உடைத்தவர்கள் இரவில் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் கூடித் தர்மம் கேட்டனர். பண்டிதர் 1907-ல் தொடங்கிய தமிழன் பத்திரிகையை வாங்கி வாசித்தவரும், அதற்குப் பொருளுதவி செய்தவரும் அவருள் பலர். அதே 1907-ல் பேராசிரியர் இலட்சுமி நரசு பௌத்தத்தின் சாரத்தை ஆங்கிலத்தில் நூலாக்கினார். அந்நூல் 1948-ல் மறுபடி அச்சானபோது முன்னுரை எழுதியவர் பாபாசாகேப் அம்பேத்கர். எட்டாண்டுகள் கழித்து நாகபுரியில் அவர் தீட்சை ஏற்றதை நாம் அறிவோம்.

ஆல்காட்டின் இறுதிக்காலம் அமைதியானதன்று. மகனைப்போல் அவரிடம் வளர்ந்த தர்மபாலர் அவரைவிட்டு விலகினார். பிரம்மஞானம் எல்லாச் சமயத்தையும் ஒன்றெனப் பேசுவது தர்மபாலருக்கு ஒவ்வவில்லை. கண்டியிலுள்ள தந்ததாதுவைக் குறித்து ஆல்காட் ஐயம் தெரிவித்தது பிளவை முற்றச் செய்தது. மோசடியைத் தேடிப் பழகிய அப்பழைய கண் அங்கும் மூடிக்கொள்ளவில்லை போலும். ஆனால் பிளவாட்ஸ்கி அம்மையாரிடத்தில் மட்டும் அக்கண் ஏன் இவ்வளவு கூர்மையாக விழிக்கவில்லை என்பது எமக்கு விளங்காத புதிர்.

1906 அக்டோபரில் கப்பற் படிக்கட்டில் இடறி விழுந்து பலத்த காயமுற்றார். இத்தாலியில் மருத்துவமனையில் கிடந்து, பின்பு கொழும்பு வழியாக அடையாறு வந்து சேர்ந்தார். உடல் தேறவில்லை, இதயம் நலிந்தது. 1907 பிப்ரவரி 17-ஆம் நாள் காலையில், தாம் வாங்கிய அந்த மாளிகையிலேயே, ஆற்றங்கரையில் உயிர் நீத்தார். வயது 74.

1876-ல் அமெரிக்காவில், நண்பர் ஒருவரின் உடலை இறந்தவர் விருப்பப்படி எரியூட்ட ஏற்பாடு செய்து, ஊராரின் வியப்பையும் ஏளனத்தையும் ஒருங்கே பெற்றவர் ஆல்காட். அந்நாட்டில் பிணத்தைப் புதைப்பதே வழக்கம். அவருடைய உடலை எரிப்பதற்கு நம் நாட்டில் எவரும் வியக்கவில்லை. அமெரிக்கக் கொடியும் பௌத்தக் கொடியும் அவர்மேல் போர்த்தப்பட்டன. பல சமயத்தாரும் தம் தம் முறையில் ஓதினர். தோட்டத்தினுள்ளேயே தகனம் நடந்தது. அஸ்தியில் ஒரு பகுதி வங்கக் கடலிலும் மறுபகுதி காசியில் கங்கையிலும் கரைக்கப்பட்டது. தகனம் செய்த இடத்தில் நினைவுக்கல் நாட்டப்பட்டுள்ளது. இலங்கை அரசு 1967-ல் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. கொழும்புக் கோட்டை இரயில் நிலையத்தின் முன் அவரது சிலை நிற்கின்றது.

இருபத்தேழு ஏக்கராக இருந்த தோட்டம் இப்போது சுமார் 250 ஏக்கராக விரிந்துள்ளது. பெருமண்டபத்தில் ஆல்காட், பிளவாட்ஸ்கி அம்மையார் ஆகிய இருவரின் உருவச் சிலைகள் உள்ளன. தோட்டத்தினுள் 1925-ல் எழுப்பிய சிறிய பௌத்த ஆலயமும் உண்டு. பேர்பெற்ற ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் புயலில் சாய்ந்துவிட்டது, விழுதுகள் நிற்கின்றன. சித்தூர், திருப்பதியிலிருந்து செல்லும் அன்பர்கள் மாளிகையைப் பார்த்தபின் பெசன்ட் நகர்ப் பக்கமாகச் செல்லலாம். 1894-ல் திறந்த அப்பள்ளி ஆல்காட் நினைவுப் பள்ளி என்னும் பெயரோடு அங்கே நடைபெறுகின்றது. நடந்தே போகும் தொலைவுதான். அது இன்று மேல்நிலைப் பள்ளி.